மலைக்கு வரும் தொழில்நுட்பத்தை யார் எடைபோடுவது?

கோத்தகிரியில் சிறு தேயிலை விவசாயிகள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், வனத்துறையில் பணியாற்றியவர்கள் எனச் சிலர் சேர்ந்து, நீலகிரியின் மூன்று சட்டமன்ற உறுப்பினர்களுக்கும் நாடாளுமன்ற உறுப்பினருக்கும் ஒரு மனு அளிக்க முடிவு செய்திருக்கிறோம். புதிய தொழில்நுட்பம் ஒன்று மக்களின் பிழைப்பிலும் சூழலிலும் என்ன மாற்றத்தைக் கொண்டுவரும் என்பதை முன்கூட்டியே ஆராய்ந்து உறுப்பினர்களுக்குச் சொல்லும் நிரந்தர ஏற்பாடு ஒன்று சட்டமன்றத்துக்கு வேண்டும் என்பதே மனுவின் சாரம். இதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. எத்தகைய ஏற்பாட்டைக் கேட்பது என்பதில்தான் பேச்சு நீள்கிறது. உலகின் சில நாடாளுமன்றங்கள் ஐம்பது ஆண்டுகளாக இந்த வேலையை வெவ்வேறு விதமாகச் செய்து பார்த்திருக்கின்றன; சில ஏற்பாடுகள் நிலைத்தன, சில மூடப்பட்டன. அவற்றுள் நமக்குப் பொருந்துவது எது என்று தீர்மானிப்பதற்காக இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன்.

மனுவுக்குப் பின்னணியாக இருப்பவை இம்மலைகளில் நடந்த மூன்று விஷயங்கள். மசினகுடிக்கு அருகில் சிங்காராவில் நியூட்ரினோ என்ற நுண்துகளை ஆராயும் நிலத்தடி ஆய்வுக்கூடம் அமைக்க முன்மொழியப்பட்டபோது, அவ்விடம் முதுமலைப் புலிகள் காப்பகத்தை ஒட்டியும் யானைகளின் வழித்தடத்திலும் இருப்பதைக் காரணம் காட்டி 2009-இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அனுமதி மறுத்தது. திட்டம் தேனி மாவட்டம் பொட்டிபுரத்துக்கு நகர்ந்தது. அங்கே ஊர் எதிர்ப்பு, பசுமைத் தீர்ப்பாயம், உச்ச நீதிமன்றம் என இழுபட்டு, 2022-இல் இத்திட்டம் வேண்டாம் என்று தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. சிங்காராவில் மறுத்தது சரி என்பதே என் கருத்து. ஆனால் பொட்டிபுரத்தில் பேசப்பட்ட அச்சங்களுள் எது நியாயமானது, எது ஆதாரமற்றது என்று பிரித்துச் சொல்லும் ஓர் அறிக்கையைத் தன் உறுப்பினர்களுக்காக எழுதித் தரும் அமைப்பு எதுவும் சட்டமன்றத்திடம் இல்லை. அறிவியலாளர்கள் ஒரு பக்கமும் ஊரார் மறுபக்கமும் பேசிக்கொண்டே இருந்தார்கள்.

இ-பாஸ் விஷயம் அண்மையானது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் வாகனங்கள் இணையத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டியதாயிற்று. 2025 கோடையில் எண்ணிக்கைக்கு வரம்பும் வந்தது: நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000. மலை எவ்வளவு தாங்கும் என்று ஆராயும் பணி சென்னை ஐஐடிக்கும் பெங்களூரு ஐஐஎம்முக்கும் போனது. வணிகர்கள் கடையடைப்பு நடத்தினர்; கோடை நெரிசலில் சொந்த ஊருக்குள் நகர முடியாமல் தவித்தவர்கள் வரம்பை வரவேற்றனர். ஒரு இணையதளத்தின் வழியாக ஒரு மாவட்டத்தின் வரும்படியே ஒழுங்குபடுத்தப்படும்போது, இழப்பு யாருக்கு, ஆதாயம் யாருக்கு, திரட்டப்படும் தரவு யாரிடம் எவ்வளவு காலம் இருக்கும் என்ற கேள்விகளைத் தொகுத்து மக்கள் பிரதிநிதிகள் முன் வைக்க வேண்டிய பொறுப்பு எந்த அமைப்புக்கும் இல்லை. நீதிமன்றம் தன் முன் வந்த வழக்கைத்தான் தீர்க்க முடியும்.

மூன்றாவது, யாரும் உத்தரவிடாமலே வந்தது: தேயிலை பறிக்கும் இயந்திரம். முதலில் கத்தரி வந்தது, பிறகு பெட்ரோலில் ஓடும் இயந்திரம், இப்போது ஒருவரே தோளில் மாட்டிக்கொள்ளும் பேட்டரி இயந்திரம். பெரிய இயந்திரத்தை வரிசையின் இரு பக்கமும் ஆளுக்கொரு முனையாக இருவர் பிடித்துக்கொள்ள, வளைந்த கத்தி செடியின் மேற்பரப்பைச் சீவிச் செல்கிறது. காற்று அடித்து இலையை நீண்ட துணிப்பைக்குள் தள்ளுகிறது. பை கிளையில் சிக்காதபடி மூன்றாவது ஆள் பின்னால் இழுத்துக்கொண்டு வருகிறார். பழைய தோட்டங்களில் செடிகள் ஒழுங்கான வரிசையில் நிற்பதில்லை. கீழ்ப்பக்கம் நடப்பவரின் கால் ஈரத்தில் வழுக்கினால் இயந்திரத்தின் எடை முழுவதும் அவர் மேல் சாய்கிறது. கை இரண்டு இலையையும் மொட்டையும் தேடி எடுக்கும். கத்திக்கு அந்தப் பாகுபாடு கிடையாது. முற்றின இலையும் காம்பும் சேர்ந்து வர, தொழிற்சாலையில் விலை குறைகிறது. பறிப்பு என்பது இத்தனை காலமும் பெண்களின் வேலையாக இருந்தது. இயந்திரத்தைப் பிடிப்பவர்களோ பெரும்பாலும் ஆண்கள். இதையெல்லாம் சொல்லும்போதே, கோவைக்கும் திருப்பூருக்கும் இளைஞர்கள் போய்விட்ட ஹட்டிகளில் (படுகர் ஊர்களில்) இயந்திரம் இல்லாவிட்டால் கொழுந்து செடியிலேயே முற்றிப்போகும் என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். எதிர்ப்பதா ஆதரிப்பதா என்று ஒரே சொல்லில் முடிக்க முடியாத இத்தகைய விஷயத்துக்குத்தான் மதிப்பீடு தேவைப்படுகிறது.

இனி மாதிரிகளுக்கு வருவோம். எல்லா நாடுகளிலும் நிபுணர்கள் கிடைக்கிறார்கள். எழுதும் தரத்தில் பெரிய ஏற்றத்தாழ்வு இல்லை. நான் பார்ப்பது வேறு மூன்று விஷயங்களை. கேள்வியை எழுப்பும் உரிமை யாருக்கு இருக்கிறது? பதில் யார் கைக்குப் போய்ச் சேருகிறது? ஆட்சி மாறினால் அந்த அமைப்பு நிற்குமா?

முன்னோடி அமெரிக்கா. 1972-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி அந்நாட்டு நாடாளுமன்றம் தனக்கென ஒரு தொழில்நுட்ப மதிப்பீட்டு அலுவலகத்தை அமைத்துக்கொண்டது. 1974-இல் அது இயங்கத் தொடங்கியது. அதை மேற்பார்வையிட்ட குழுவில் மேலவையிலிருந்து ஆறு பேர், கீழவையிலிருந்து ஆறு பேர். இரு கட்சிகளுக்கும் சரிபாதி இடம். இன்னதைச் செய்யுங்கள் என்று அது பரிந்துரைப்பதில்லை. இந்த வழியில் போனால் இது நடக்கும், அந்த வழியில் போனால் அது நடக்கும் என்று வகைப்படுத்தி வைப்பதோடு நிறுத்திக்கொள்ளும். ஏறத்தாழ 750 அறிக்கைகள் வெளிவந்தன. விண்வெளியில் ஏவுகணைத் தடுப்பு என்ற ரீகன் ஆட்சியின் கனவுத் திட்டம் நடைமுறைக்கு ஒத்துவருமா என்ற ஐயத்தை 1980-களில் அதன் ஆய்வுகள் எழுப்பியபோது, ஆளுங்கட்சிக்குள் அதற்குப் பகைவர்கள் உருவானார்கள். ஓர் அறிக்கை முடிய ஓராண்டுக்கும் மேலாவதால், மசோதா வாக்கெடுப்புக்கு வந்துவிட்ட பிறகே பதில் வருகிறது என்ற குறையும் உண்டு. 1994 தேர்தலில் நாடாளுமன்றப் பெரும்பான்மை அதே ரீகன் கட்சியின் கைக்கு மாறியது. செலவைக் குறைக்கிறோம் என்ற பெயரில் 1995 செப்டம்பரில் அலுவலகம் மூடப்பட்டது. ஆண்டுச் செலவு சுமார் இரண்டு கோடி டாலர்தான். அந்நாட்டு வரவுசெலவில் அது கண்ணுக்கே தெரியாத தொகை. அந்தச் சட்டம் இன்னும் நீக்கப்படவில்லை, நிதி மட்டும் இல்லை. பின்னாளில் அவர்களுடைய தணிக்கை அலுவலகமே இந்த வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டு, 2019-இல் அதற்கெனத் தனிப் பிரிவை உருவாக்கியது.

அறிக்கைகள் குழுத் தலைவர்களின் கேட்பின் பேரில் எழுதப்பட்டதால், நூற்றுக்கணக்கான சாதாரண உறுப்பினர்கள் அந்த அலுவலகத்தைத் தம்முடையதாக நினைக்கவில்லை. மூடும் நாளில் அதற்காக எழுந்து நின்றவர்கள் போதவில்லை. பெரிய அலுவலகம் கேட்டால் பெரிய பலன் கிடைக்கும் என்று எங்கள் கூட்டத்தில் சொல்பவர்களுக்கு என் பதில் இதுதான்.

பிரான்ஸ் நேரெதிரான வழியில் போனது. 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த அவர்களுடைய மதிப்பீட்டு அவையில் கீழவையிலிருந்து 18 பேர், மேலவையிலிருந்து 18 பேர். அறிக்கையை எழுதுபவர்களும் அவர்களேதான். நிபுணர்கள் உதவுகிறார்கள், ஆனால் கையெழுத்து உறுப்பினருடையது. அவையின் தலைமைக் குழு, கட்சிக் குழுவின் தலைவர், நிலைக்குழு, அல்லது 60 கீழவை உறுப்பினர்கள், 40 மேலவை உறுப்பினர்கள் கோரினால் ஆய்வு தொடங்கலாம். அறிக்கை எழுதும் உறுப்பினருக்கு அரசு அலுவலகங்களுக்குள் சென்று கோப்புகளைக் கேட்கும் அதிகாரம் உண்டு.

இந்த முறையின் வலிமையைக் காட்டும் நிகழ்ச்சி ஒன்று எனக்கு மீண்டும் மீண்டும் நினைவுக்கு வருகிறது, ஏனெனில் அது பொட்டிபுரத்தின் கதையைப் போலத் தொடங்கி வேறு விதமாக முடிகிறது. அணுக் கழிவைப் பூமிக்கடியில் புதைக்க 1980-களின் இறுதியில் பிரான்சில் சில ஊர்களில் துளையிட்டுப் பார்த்தபோது கிராமங்கள் கொந்தளித்தன. 1990-இல் அரசு வேலையை நிறுத்தி வைத்தது. விஷயம் மதிப்பீட்டு அவைக்கு வந்தது. கிறிஸ்டியன் பத்தாய் என்ற உறுப்பினர் எதிர்ப்பாளர்களையும் பொறியாளர்களையும் கேட்டு அறிக்கை எழுதினார். அதன் விளைவாக 1991 டிசம்பர் 30 அன்று நிறைவேறிய சட்டம், புதைப்பது ஒன்றே வழி என்ற நிலையைக் கைவிட்டு, வெவ்வேறு வழிகளை 15 ஆண்டுகள் ஆராய்ந்த பிறகு நாடாளுமன்றமே முடிவெடுக்கும் என்று வகுத்தது. அச்சட்டத்தை மக்கள் இன்றும் அந்த உறுப்பினரின் பெயரால்தான் குறிப்பிடுகிறார்கள். புதைகுழிக்கு எதிர்ப்பு இன்றும் ஓயவில்லை. அந்த அவையே அணுசக்தித் துறையின் பக்கம் சாய்வது என்ற விமர்சனமும் பழையது. ஆயினும், ஒரு பிரதிநிதி ஊருக்குப் போய்க் கேட்டு, தன் பெயரில் எழுதி, அதற்குச் சபையில் பதில் சொல்ல நின்றார். சிங்காராவுக்கோ பொட்டிபுரத்துக்கோ அப்படி ஒருவர் வாய்க்கவில்லை.

ஜெர்மனியின் ஏற்பாடு எச்சரிக்கையும் நிதானமும் உள்ளது. 1990 முதல் அவர்களுடைய நாடாளுமன்றம் இந்த வேலையை வெளி ஆய்வு நிறுவனத்திடம் ஒப்பந்தமாகக் கொடுத்திருக்கிறது. கார்ல்ஸ்ரூவில் உள்ள தொழில்நுட்ப விளைவு ஆய்வு நிறுவனம் அதை நடத்துகிறது. எதை ஆராய்வது என்பதை நாடாளுமன்றத்தின் ஆராய்ச்சிக் குழு எல்லாக் கட்சிகளின் இசைவோடு தீர்மானிக்கிறது. முடிந்த அறிக்கையை அதே குழு ஏற்றுச் சபைக்கு அனுப்புகிறது. நீண்ட நேரப் பெரும் மின்தடை ஏற்பட்டால் தண்ணீர், மருத்துவமனை, உணவு வழங்கல் எல்லாம் எந்த வரிசையில் நிலைகுலையும் என்று 2011-இல் வெளிவந்த அவர்களுடைய அறிக்கையின் பொருள், மண்சரிவில் மின்கம்பம் விழுந்து நாள்கணக்கில் இருட்டில் கிடந்த மலைக் கிராமத்தினர் எவருக்கும் விளங்கும். ஆய்வாளர்கள் அரசு ஊழியர்கள் அல்லர், கட்சிக்காரர்களும் அல்லர்; ஆட்சி பலமுறை மாறியும் அமைப்பு நிலைத்திருக்கிறது. ஒப்பிட்ட மாதிரிகளுள் மிக உறுதியானது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். நமக்கு அது ஏன் இப்போதைக்கு உதவாது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

பிரிட்டன் மிகச் சிறியதாகத் தொடங்கியது. அரசு நிதி தர முன்வராத நிலையில், 1989-இல் நன்கொடைகளைக் கொண்டு ஓர் அலுவலகம் அமைந்தது. பின்னர் நாடாளுமன்றமே செலவை ஏற்று, 2001-இல் அதை நிரந்தரமாக்கியது. நான்கு பக்கக் குறிப்பு அதன் அடையாளம். ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, இதுவரை தெரிந்தது என்ன, கருத்து வேறுபாடு எங்கே, எந்தச் சட்டம் தொடர்புடையது என்று நான்கே பக்கங்களில், வெளி நிபுணர்கள் சரிபார்த்த பிறகு, எல்லா உறுப்பினர்களுக்கும் தருகிறார்கள். முனைவர் பட்ட ஆய்வாளர்கள் மூன்று மாதம் வந்திருந்து எழுதிவிட்டுப் போகிறார்கள்; அதனால் சம்பளச் செலவும் குறைவு. ஆழம் போதாது என்பது உண்மைதான். ஆனால் 400 பக்க அறிக்கையைப் படிக்காத உறுப்பினரும் நான்கு பக்கத்தைக் காரில் போகும்போதே படித்துவிடுவார்.

டென்மார்க்கின் முறை எங்களுள் இளையவர்களுக்கு மிகவும் பிடித்திருக்கிறது. அங்கே 1987 முதல் நடந்த ஒருமித்த கருத்து மாநாடுகளில், பதினைந்து பேர் அளவிலான சாதாரணக் குடிமக்கள் இரண்டு வார இறுதிகள் உட்கார்ந்து பொருளைப் படிப்பார்கள். பிறகு நிபுணர்களை அழைத்துக் கேள்வி கேட்பார்கள். முடிவில் தாங்களே ஓர் ஆவணம் எழுதிப் பத்திரிகையாளர்கள் முன்பும் அரசியல்வாதிகள் முன்பும் வாசிப்பார்கள். நிபுணர் பதில் சொல்பவர், குடிமகன் கேள்வி கேட்பவர் என்ற அந்த ஏற்பாடு அழகானது. நம் நாட்டிலும் 2001-இல் அன்றைய ஆந்திரத்தின் மேடக் மாவட்டத்தில் சிறு விவசாயிகளையும் தலித் பெண்களையும் நடுவர்களாக வைத்து, மாநில அரசின் வேளாண் எதிர்காலத் திட்டத்தை விசாரிக்கச் செய்தார்கள். இயந்திரமயத்தையும் மரபணு மாற்றப் பயிரையும் அவர்கள் ஏற்கவில்லை. ஆனால் அந்தத் தீர்ப்பை வாங்கிக்கொள்ள வேண்டிய சட்டமன்றக் கதவு எதுவும் திறந்திருக்கவில்லை. டென்மார்க்கிலேயே 2011-12-இல் அரசு நிதி நின்றுபோய், அமைப்பு அறக்கட்டளையாக மாறிவிட்டது. நெதர்லாந்தில் 1986-இல் தொடங்கிய நிறுவனம் ஆய்வையும் பொது விவாதத்தையும் சேர்த்து நடத்துகிறது. நல்ல நிறுவனம், ஆனால் அத்தனை பெரிய ஏற்பாட்டை நாம் இன்று கேட்பதில் பொருளில்லை.

நம் நாட்டில் ஒன்றுமே இல்லை என்பதும் சரியல்ல. தொழில்நுட்பத்தை மதிப்பிடும் மத்திய அரசு அமைப்பு ஒன்று 1988 முதல் இருக்கிறது. அது அறிவியல் தொழில்நுட்பத் துறைக்குக் கீழே இயங்குவது, சட்டமன்றத்துக்கோ நாடாளுமன்றத்துக்கோ பதில் சொல்வதில்லை. நாடாளுமன்றத்தில் 1993 முதல் துறைசார் நிலைக்குழுக்கள் உண்டு. அவை உண்மையில் என்ன செய்ய முடியும் என்பதற்கு மரபணு மாற்றக் கத்தரி சாட்சி. கோவை வேளாண் பல்கலைக்கழகமும் பங்கு கொண்டு உருவான அந்தப் பயிருக்கு 2009-இல் ஒப்புதல் கிடைத்தது. 2010 பிப்ரவரியில் அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஏழு நகரங்களில் மக்கள் கருத்துக் கேட்டபின் நிறுத்தி வைத்தார். அதற்குப் பிறகு, பாசுதேவ் ஆச்சாரியா தலைமையிலான வேளாண் நிலைக்குழு மகாராஷ்டிரத்தின் விதர்பாவுக்கு நேரில் போய்ப் பருத்தி விவசாயிகளைக் கேட்டு, 2012 ஆகஸ்டில் கட்சி வேறுபாடின்றி ஒரு விரிவான அறிக்கை தந்தது. உறுப்பினர்கள் ஊருக்குப் போனால் என்ன நடக்கும் என்பதற்கு அது நல்ல உதாரணம். பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தாது என்பது அதன் எல்லை.

சட்டமன்றத்தின் நிலைமை வேறு. கேரளச் சட்டமன்றத்தில் 1980 முதல் பொருட்குழுக்கள் இருக்கின்றன. மசோதாக்கள் வழக்கமாகவே அவற்றுக்குப் போகின்றன. தமிழகச் சட்டமன்றத்தில் அத்தகைய குழுக்கள் இல்லை. அரசின் செலவு மதிப்பீடுகளைப் பார்க்கும் மதிப்பீட்டுக் குழு, பொதுக் கணக்குக் குழு, மனுக்கள் குழு, அரசு உறுதிமொழிக் குழு ஆகியவை உள்ளன; அவை உதகைக்கும் வருகின்றன, ஆனால் கட்டி முடித்த கட்டடத்தையும் செலவான பணத்தையும் கொடுத்த வாக்கையும் பார்ப்பதற்கு. வரப்போவதைப் பார்ப்பது அவற்றின் வேலை அல்ல.

ஜெர்மன் மாதிரியை இப்போது கேட்க முடியாததற்குக் காரணம் இதுவே. எதை ஆராய்வது என்று தீர்மானிக்கவும், முடிந்த அறிக்கையை வாங்கிக்கொள்ளவும் பொருள் தெரிந்த ஒரு நிலைக்குழு சபையில் இருக்க வேண்டும். அது இல்லாத இடத்தில் எவ்வளவு நல்ல ஆய்வு நிறுவனத்தை அமர்த்தினாலும், அறிக்கை செயலக அலமாரிக்குத்தான் போகும். பிரெஞ்சு மாதிரிக்கும் ஏறக்குறைய இதே தடை. இரு அவைகளும் சேர்ந்த அமைப்பு அது. நம் மேலவை 1986-இலேயே நீக்கப்பட்டுவிட்டது. 234 உறுப்பினர்களில் அறிக்கை எழுத முன்வருபவர்களுக்கு உதவியாளர்களும் இல்லை, நேரமும் இல்லை. கிராம சபையையே டென்மார்க் மாநாட்டைப் போல மாற்றிவிடலாம் என்று கூட்டத்தில் ஒரு நண்பர் சொன்னார். கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. குடிநீரும் சாலையும் பேசி முடிவதற்குள் மதியமாகிவிடும் அந்தக் கூட்டத்தின் மேல் இரண்டு வார இறுதிகள் நீளும் விசாரணையை ஏற்றுவது அதற்கும் நல்லதல்ல, இதற்கும் நல்லதல்ல.

ஆகவே பிரிட்டனின் சிறிய அலுவலகத்தையே மனுவில் கேட்க வேண்டும் என்பது என் முடிவு. அதோடு பிரான்சிலிருந்து ஒரு விதியை மட்டும் கடன் வாங்கலாம். பேரவைச் செயலகத்தில், பேரவைத் தலைவரின் பொறுப்பில், ஐந்தாறு பேர் கொண்ட ஓர் அலுவலகம் போதும். எந்த உறுப்பினரும் பொருளைக் கேட்கலாம். குறிப்பு எல்லா 234 பேருக்கும் ஒரே நாளில் போக வேண்டும். துறையின் மானியக் கோரிக்கை, அதாவது ஆண்டுச் செலவுக்கு ஒப்புதல் கேட்கும் கோரிக்கை, விவாதத்துக்கு வருமுன் அது கையில் இருக்க வேண்டும். இப்படிச் செய்தால் அமெரிக்காவில் நேர்ந்ததுபோல் அலுவலகம் ஒரு சிலருடையதாகிப்போகாது. எழுதுவதற்கு ஆட்கள் வெளியிலிருந்து வரலாம். வால்பாறையில் தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, உதகையில் மண், நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் இருக்கிறது, பெண் தொழிலாளர்களைப் பற்றிய கேள்வி என்றால் கொடைக்கானலில் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் இருக்கிறது. பிரான்சிலிருந்து எடுக்க வேண்டிய விதி: ஆண்டுக்கு ஒரு பொருளுக்காவது ஆளுங்கட்சியிலிருந்து ஒருவரும் எதிர்க்கட்சியிலிருந்து ஒருவரும் சேர்ந்து, சம்பந்தப்பட்ட இடத்திலேயே விசாரணை நடத்தித் தம் பெயரில் அறிக்கை எழுத வேண்டும். இரண்டு பெயர் இருந்தால், ஆட்சி மாறினாலும் ஒருவராவது அதைப் பாதுகாக்க முனைவார்.

இதிலுள்ள பலவீனத்தையும் மனுவில் மறைக்கக் கூடாது. தேயிலை 1953-ஆம் ஆண்டுத் தேயிலைச் சட்டத்தின்படி மத்திய அரசின் பொறுப்பில் இருக்கிறது; இயந்திரத்துக்கு மானியம் தருவதும் தர அளவு வகுப்பதும் தேயிலை வாரியத்தின் கையில். சட்டமன்ற அலுவலகம் கூலி, பாதுகாப்பு, பயிற்சி, நிலம் ஆகியவற்றைப் பற்றித்தான் பயனுடன் எழுத முடியும். நாடாளுமன்ற உறுப்பினரிடம் தனியாக ஒரு கடிதம் கொடுத்து, வர்த்தகத் துறை நிலைக்குழுவில் இதை எழுப்பக் கேட்க வேண்டும். நீலகிரி மக்களவைத் தொகுதியில் மேட்டுப்பாளையமும் அவிநாசியும் பவானிசாகரும் சேர்ந்திருப்பதால், மலைக்கென்று மட்டும் அவர் பேசுவார் என எதிர்பார்க்க முடியாது. கூலி குறைந்தால் சமவெளிக்கு இறங்கும் குடும்பங்கள் எங்கே போகின்றன என்பதைக் கடிதத்தில் சேர்த்தால் அவருக்கும் அது தன் தொகுதி முழுவதற்குமான விஷயமாகும்.

முதல் குறிப்புக்குரிய பொருளாகத் தேயிலை பறிக்கும் இயந்திரத்தையே பெயர் சொல்லிக் கேட்போம். கைப்பறிப்புக்கும் இயந்திரப் பறிப்புக்கும் இலை விலையில் உள்ள வித்தியாசம், வேலையிழந்த பெண்கள் என்ன வேலைக்குப் போனார்கள், சரிவில் ஏற்படும் காயத்துக்கு யார் பொறுப்பு, இயந்திரத்தைச் சொந்தமாக வாங்குவதா கூட்டுறவுத் தொழிற்சாலையே வாடகைக்கு விடுவதா ஆகிய நான்கு கேள்விகள் போதும். இரண்டாவது பொருள் இ-பாஸ். அது எங்களுக்கு மட்டும் உரியதல்ல என்பதால், மனுவின் பிரதி ஒன்றைக் கொடைக்கானல் நண்பர்களுக்கு அனுப்பி, அவர்களும் தங்கள் பெயரில் கொடுக்கக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். கொடைக்கானல் பழனி சட்டமன்றத் தொகுதிக்குள் அடங்குவதால், அவர்கள் மனு அடிவாரத்திலிருந்து தேர்வாகும் உறுப்பினரிடம் போகும்; இ-பாஸ் வரம்பால் பழனியில் வண்டி ஓட்டுபவர்களுக்கும் வருமானம் போவதை அதில் முதல் பத்தியிலேயே எழுதச் சொல்லியிருக்கிறோம்.